தாழம்பூவின் குற்றம்

அன்புள்ள தம்பிக்கு,

பொய் சொன்னவனை ‘அறமற்றவன்’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. கோபம் வந்தால் எடுத்து வீசும் கல்லாகிவிட்டது அந்தச் சொல். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. இலக்கணக்காரர்கள் இன்மை வேறு, மறுதலை வேறு என்று பிரித்து வைத்தது சும்மா இல்லை. அறத்துக்கு மறுதலையாக நடப்பவன் நெஞ்சில் அறம் இருக்கிறது, அதை மீறுகிறான். அறமற்றவனுக்கு மீறுவதற்கு ஒன்றுமே இல்லை. உங்கள் திருவண்ணாமலைக் கதையையே எடுத்துக்கொள். லிங்கோத்பவர் சிற்பத்தில் நடுவே நெருப்புத் தூண், மேலே அன்னமாய்ப் பிரம்மா, கீழே பன்றியாய் மண்ணைக் கிண்டும் திருமால். தூணின் முடியையோ அடியையோ கண்டவனே பெரியவன் என்பது போட்டி. முடியைக் காணாத பிரம்மா கண்டதாகச் சொன்னார். ஆனால் வெறும் வாயால் சொல்லவில்லை, சாட்சி தேடித் தாழம்பூவை அழைத்தார். மெய்க்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவனுக்குத்தான் சாட்சி வேண்டும். வெல்லும் ஆசையில் பிறழ்ந்தார், அவ்வளவுதான். தாழம்பூவுக்கு அந்தப் போட்டியில் என்ன வேலை? யார் வென்றாலும் அதன் மடல் ஒன்றுகூட உதிரப்போவதில்லை. கேட்டார், தலையாட்டியது. என் கணக்கில் அங்கே அறமற்றது பூதான். பிரம்மாவுக்குக் கோயில் அரிதாக இருப்பதை ஊரெல்லாம் பேசுகிறார்கள். அத்தனை மணமுள்ள தாழை சிவபூசைக்கு ஆகாமல் போனதைப் பற்றி நின்று யோசிப்பவர் குறைவு.

பூ இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கலாமே என்பாய். யாருக்கும் தீங்கில்லாமல் நன்மை விளைக்கும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுக்கிறார், சரி. அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டு நின்ற திருமாலைத் தோற்கடிக்கும் பொய்க்கு அந்தச் சலுகை செல்லாது. பொருட்பாலின் கடைசி அதிகாரமான கயமையைப் படி, 108-ஆவது. தம் விருப்பப்படி நடப்பதில் கயவர் தேவரைப் போன்றவர் என்கிறார். நல்லது அறிந்தவரைவிடப் பாக்கியசாலிகள், நெஞ்சில் கவலையில்லை என்கிறார். கிண்டல்தான், ஆனால் இலக்கணம் போலத் துல்லியமான கிண்டல். உறுத்தல் என்பதே இல்லாதவனைப் பற்றிய பேச்சு அது. கயவனும் ஒழுங்காக நடப்பதுண்டே என்றால், அதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது: அது அச்சத்தால் வந்த ஒழுங்கு. கேமரா உள்ள தெருவில் மட்டும் குப்பை போடாதவன் கதை.

பிரம்மாவும் பயந்துதானே சாட்சி தேடினார் என்று மடக்குவாய். மடக்கு. வெறும் பயம் என்றால் பந்தயமே செல்லாது என்று சொல்லித் தப்பியிருப்பார். மெய்யாகக் கண்டவனே பெரியவன் என்ற விதியை ஏற்று, அந்த விதிக்குள்தான் ஏமாற்றினார். நீ எழுதும் ஆள் எந்த விதியை ஏற்று மீறினான் என்று முதலில் பார். ஒன்று அகப்பட்டாலும் ‘அறமற்றவன்’ என்பதை அடித்துவிட்டு ‘பொய்யன்’ என்று எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்