போக்காடு

"பாவம் ஓரிடம், பழி ஓரிடம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் செய்த குற்றத்தைத் தலைமேற் சுமக்க நேர்ந்தவரை ஆங்கிலேயர் 'ஸ்கேப்கோட்' என்பர். இச்சொல்லைத் தமிழில் 'பலிகடா' எனப் பெயர்த்தெழுதுதல் இன்று பெருவழக்கு. அது பொருந்துமோவென ஆராயப் புகுந்த யாம், கண்டவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இச்சொற்குப் பிறப்பிடம் லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரமாகும். இஸ்ரவேலர் ஆண்டிற்கொருமுறை கைக்கொண்ட பாவநிவிர்த்தி நாளில், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொணர்ந்து சீட்டுப் போடுவர். ஒரு சீட்டுக் கர்த்தருக்கு, மற்றொன்று அசாசேலுக்கு. முதற்கடா பலியிடப்படும். மற்றதன் தலைமீது ஆசாரியன் தன் இரு கைகளையும் வைத்து, மக்கள் அனைவருடைய அக்கிரமங்களையும் அறிக்கையிடுவான். பின்னர் அஃது உயிரோடு வனாந்தரத்திற்குப் போக்கப்படும்.

அசாசேல் என்னும் எபிரேயச் சொல்லின் பொருள்பற்றி அறிஞர் வேறுபடுவர். பாலைநிலத்து உறையும் ஓர் ஆவியின் பெயர் என்பர் ஒருசாரார். 'ஏஸ்' என்பது ஆடு. 'ஓசேல்' என்பது போவது. ஆதலின் 'போகும் ஆடு' என்பதே பொருள் என்பர் மற்றொருசாரார். பண்டைக் கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளும் அனுப்பிவிடப்படும் ஆடென்றே பொருள் கொண்டன. வில்லியம் டின்டேல் 1530இல் ஐந்தாகமங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, 'தப்பிச் செல்லும் ஆடு' என்னும் பொருள்பட 'ஸ்கேப்கோட்' என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். மொழிபெயர்த்த அப்பெரியார் 1536இல் கொல்லப்பட்டார்; அவர்தம் சொல்லோ 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலும் இடம்பெற்று நிலைத்தது. 1885ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அதனை நீக்கி 'அசாசேல்' என்றே எழுதியது. ஆயினும், அதற்கு முன்னரே அச்சொல் வேதநூலைக் கடந்து மக்கள் வழக்கிற் புகுந்துவிட்டது.

நம் தமிழ் வேதாகமம் இதனைப் 'போக்காடு' என்னும். போக்கிய ஆடு, போக்கும் ஆடு எனக் காலங்கரந்து நிற்றலின், இதனை வினைத்தொகையெனக் கொள்ளலாம். இத்துணை அழகிய சொல் கையிலிருக்க, நாம் 'பலிகடா' என்கின்றோம். பலியிடப்பட்டது முதற்கடாவன்றோ? பழி சுமந்து சென்றது இரண்டாவதேயாம். ஆகவே அம்மொழிபெயர்ப்பு ஆடு மாறிய மொழிபெயர்ப்பேயாகும்.

சொல் மாறியதினும் பெரிதாய் மாறியது பொருள். பண்டைச் சடங்கில் அறிக்கை முந்திற்று, ஆடு பிந்திற்று. ஆடு குற்றமுடையதென எவரும் கருதினாரல்லர். குற்றம் தமதென்பதை மக்கள் அறிந்திருந்தனர். இக்கால வழக்கிலோ அறிக்கை அறவே ஒழிந்தது, ஆடே குற்றவாளியாயிற்று. பிரெஞ்சுப் படை அதிகாரிகளுள் ஒருவரான ஆல்பிரட் டிரைபஸ் என்னும் யூதர், பகைநாட்டிற்கு மறைபொருளை விற்றாரென 1894இல் தண்டிக்கப்பட்டுப் பேய்த்தீவில் சிறையிடப்பட்டார். உண்மைக் குற்றவாளி வேறொருவனென்பதற்குச் சான்று 1896இலேயே கிடைத்தும், படைத்துறையின் மேலோர் அதனை மறைத்தனர். டிரைபஸ் குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றது 1906இல்.

பிரான்சு தேசம் வரை செல்வானேன்? எம் விடுதியில் ஓரிரவு பலர் கூடி விளையாடுகையில் விளக்கொன்று உடைந்தது. மறுநாட் காலை அவ்விடத்தே நின்றிருந்த இளைய மாணவன் ஒருவனே தண்டம் கட்டினான். அவன் எம்மைக் காட்டிக் கொடுத்தானல்லன். யாமும் வாய் திறந்தோமல்லேம். இச்சொல்லின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அவன் முகமே எம் கண்முன் நிற்கின்றது. இதனை எழுதத் தொடங்குமுன், அவன்பாற் சென்று உண்மை கூறித் தண்டப் பணத்தையும் அளித்தோம். அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணா, மறந்துவிட்டேன்" என்றான். யாம் மறந்தோமல்லேம்.

சொல்லைத் திருத்துதல் தமிழ் மாணாக்கர் கடன். அச்சொல்லால் தம்மைத் திருத்திக்கொள்ளுதல் அனைவர் கடனுமாம். ஆட்டைத் தேடுமுன் அறிக்கையைத் தேடுவோமாக.