ஆசிரியரும் நிறைகோலும்

உழவர் ஆண்டு முழுதும் பாடுபட்டு, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லை அளக்கின்றனர். வணிகர் ஆண்டு முடிவில் கணக்கேட்டைப் புரட்டி வரவு செலவை நேர் பார்க்கின்றனர். ஆசிரியர்க்கும் அத்தகைய காலம் ஒன்று உண்டு. பள்ளியாண்டின் இறுதியே அக்காலம். நெல்லை மரக்காலால் அளக்கலாம். பொருளைக் காசால் மதிக்கலாம். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் விளைந்ததை எதனால் அளப்பது? இவ்வினாவே ஆண்டுதோறும் ஆசிரியர் முன் நிற்கின்றது.

ஆண்டிறுதிப் பணிகள்

தமிழ்நாட்டில் பள்ளியாண்டு பெரும்பாலும் சூன் திங்களில் தொடங்கி ஏப்பிரலில் முடிவடைகின்றது. பங்குனி வெயில் ஏற ஏற ஆசிரியரின் பணியும் ஏறுகின்றது. எஞ்சிய பாடங்களை நடத்தி முடித்தல், நடத்தியவற்றை மீளப் பயிற்றுதல், பின்தங்கிய மாணவரைத் தனியே இருத்திக் கற்பித்தல், தேர்வறையில் கண்காணித்தல், விடைத்தாள் திருத்துதல், மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிச் சரிபார்த்தல் எனக் கடமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சூழ்கின்றன. 40 மாணவர் கொண்ட 5 வகுப்புகளுக்கு ஒருவர் பாடம் கற்பிப்பாராயின், ஒரு தேர்வு முடிந்ததும் அவர் மேசையில் 200 விடைத்தாள்கள் குவியும். ஒரு தாளுக்குப் 10 நிமிடமே செலவிடினும், அனைத்தையும் திருத்த 33 மணி நேரத்திற்கு மேல் வேண்டும். பட்டியல் தர வேண்டிய நாளோ முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பகலில் பள்ளியிலும் இரவில் இல்லத்திலும் அவர் கண்கள் சிவப்பு மையின் வழியே நடந்துகொண்டிருக்கும்.

நன்னூல் காட்டும் உவமைகள்

உடலின் சோர்வு உறங்கினால் தீரும். உள்ளத்தின் சுமை அவ்வாறு தீர்வதன்று. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர், தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகின்றார். நிலம் பொறுமையுடையது; உழுவோர் முயற்சிக்குத் தக்க பயன் தருவது. மலை அசையாதது, மழை வறந்த காலத்தும் வளம் தருவது. மலர் யாவரும் விரும்பும் மென்மையுடையது. நிறைகோலோ எடையை ஐயமின்றிக் காட்டுவது, எப்பக்கமும் சாயாதது.

ஆண்டு முழுதும் நிலமாகவும் மலராகவும் விளங்கிய ஆசிரியர், ஆண்டின் இறுதியில் நிறைகோலாகவும் நிற்றல் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. விடியற்காலையில் தந்தையுடன் தறியில் உழைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் மாணவன் ஒருவன் இருக்கின்றான் என்று கொள்வோம். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். அவன் பெற்றது 33. அவன் உழைப்பை ஆசிரியர் அறிவார். அவன் வீட்டின் நிலையையும் அறிவார். எழுதுகோல் சற்றே தயங்குகின்றது. நடுவுநிலை பிறழாத ஆசிரியர் அப்போது யாது செய்வார்? விடைத்தாளை முதலிலிருந்து மீண்டும் படிப்பார். மதிப்பிடாமல் விடுபட்ட விடை உண்டா, கூட்டலில் பிழை உண்டா என்று நோக்குவார். இருப்பின் மகிழ்ச்சியோடு திருத்துவார்; இல்லையெனின் 33-ஐ 33 என்றே எழுதுவார். பெறாத மதிப்பெண்ணை ஒருவனுக்கு அளிப்பது, பெற்றவர்க்கு இழைக்கும் தீங்காகும். கல்லாத பாடத்தைக் கற்றதாகக் கொண்டு மேல்வகுப்பில் திகைத்து நிற்கப்போகும் அம்மாணவனுக்கும் அது தீங்கே. ஆனால் எண்ணை எழுதியதோடு அவ்வாசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. மறுதேர்வுக்கு அவனைப் பயிற்றும் கடமை அந்நொடியே தொடங்கிவிடுகின்றது.

எடையிடப்படும் ஆசிரியர்

மாணவரை நிறுக்கும் அந்நாள்களில் ஆசிரியரும் நிறுக்கப்படுகின்றார். தேறியவர் நூற்றுக்கு எத்துணையர் என்று தலைமையாசிரியர் வினவுகின்றார், கல்வி அலுவலர் வினவுகின்றார், பெற்றோரும் வினவுகின்றனர். இவ்வினாக்கள் தவறானவை அல்ல. பொதுப்பணி புரிவோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரே. ஆயினும் அவ்வெண் ஒன்றையே ஆசிரியரின் மதிப்பாகக் கொண்டால் விளைவது யாது என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது.

இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு, அரசின் கல்விக் குழுத் துணைத்தலைவராயிருந்த இராபர்ட் லோ என்பவர் புதிய விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேர்வு செய்வார். போதிய நாள் வருகை தந்து மூன்றிலும் தேறிய பிள்ளைக்காகப் பள்ளி 8 ஷில்லிங் உதவித்தொகை பெறும்; தவறும் ஒவ்வொரு பாடத்திற்கும் 2 ஷில்லிங் 8 பென்சு குறையும். ஆசிரியரின் ஊதியம் இத்தொகையைச் சார்ந்து நின்றது. சிக்கனமும் திறமையும் பெருகும் என்று கருதியே அரசு இதனைச் செய்தது. நடந்தது வேறு. தேர்வுக்குரிய வாசகநூலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். தேர்வில் இடம்பெறாத பாடங்கள் ஒதுக்கப்பட்டன. 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராய்ப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையை எதிர்த்தார். உண்மையில் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் அறியாத பிள்ளைகளையும் இத்தேர்வில் தேறச் செய்துவிட இயலும் என்று அவர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். சென்னை மாகாணத்திலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்வு முடிவை நோக்கி உதவித்தொகை வழங்கும் முறை வழங்கியது. இங்கிலாந்தில் அம்முறை 1890-களில் கைவிடப்பட்டது. ஆயினும் அது பழக்கிய மனப்போக்கு பள்ளிகளைவிட்டு அகலவில்லை என்று, முன்னாள் ஆய்வாளர் எட்மண்ட் ஹோம்ஸ் 1911-இல் வெளியிட்ட நூலில் வருந்தி எழுதினார். விளைவை மட்டும் விலைபேசினால் விளைவும் பொய்யாகும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

தன்னைத் தான் நோக்கல்

அவ்வாறாயின் தேர்வே வேண்டாவோ எனின், அன்று. பிறர் கையில் கோலாக இருக்கும் தேர்வு, நல்லாசிரியர் கையில் விளக்காகின்றது. 40 மாணவருள் இருவர் ஒரு கணக்கில் தவறினால் பிழை அவ்விருவரிடம் இருக்கலாம். 30 பேர் ஒரே இடத்தில் ஒரே வகையாகத் தவறினால் பிழை கற்பித்த முறையில் இருத்தல் கூடும். விடைத்தாள்கள் இதனை ஒளிவின்றிக் கூறுகின்றன. அதனை மனத்திற்கொண்டு, வரும் ஆண்டில் அப்பாடத்தை வேறு வகையாகத் தொடங்க வேண்டும் என்று குறித்துக்கொள்பவரே வளரும் ஆசிரியர்.

பதிவேட்டில் ஏறாத விளைவுகளும் உள்ளன. ஆண்டின் தொடக்கத்தில் வாய்திறக்க அஞ்சிய சிறுமி, இறுதியில் எழுந்து நின்று ஐயம் வினவுகின்றாள். பிறர் தாளைப் பார்த்து எழுதி வந்தவன், தான் அறிந்ததை மட்டும் எழுதிக் குறைந்த மதிப்பெண் பெறுகின்றான். இவற்றிற்கு மதிப்பெண் கட்டம் எதுவும் இல்லை. எனினும் ஓராண்டு உழைப்பின் பயன் யாது என்று ஆசிரியர் தம்முள் வினவும்போது, நினைவில் முதலில் வந்து நிற்பன இவையே.

தேர்ச்சிப் பட்டியல் ஒப்படைக்கப்பட்டதும் வகுப்பறைகள் பூட்டப்படுகின்றன. சூன் திங்களில் புதிய முகங்கள் வந்து அமரும். சென்றவர்களிடம் நேர்ந்த குறையை வருபவர்களிடம் நிறைவாக்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு மீண்டும் கிடைக்கின்றது. மாணவரும் தம் விடைத்தாளைப் பெறும்போது எண்ணை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடலாகாது. சிவப்பு மையால் குறித்தவற்றையும் ஊன்றிப் படித்தல் வேண்டும். ஓர் இரவின் உறக்கத்தைத் துறந்து எழுதப்பட்ட குறிப்புகள் அவை. அவற்றைக் கற்றுத் திருந்துவதே ஆசிரியர்க்கு மாணவர் செய்யத்தக்க கைம்மாறாகும்.