எல்லை ஊர்களில் சைக்கிளுக்கு இடம் கேட்பது எப்படி? தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

வாளையாரில் தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் கிழக்கு ஓரம் பெரும்பாலும் சமதரை. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்ட கணவாய் நிலம் இது. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான தரை கேரளத்தில் அதிகம் இல்லை. இடுக்கியின் எல்லையில் நிலைமை வேறு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லாம் மலை விளிம்பில் இருக்கும் ஊர்கள். தரை வேறானாலும் குறை ஒன்றுதான். சாலை போடுகிறவர்கள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் இடம் கணக்குப் போடுகிறார்கள்; சைக்கிள்காரருக்குப் போடுவதில்லை.

இதை மாற்ற முடியும். அதற்குப் பொறியியல் படிப்போ கட்சிப் பதவியோ தேவையில்லை. ஒரு வருடம் விடாமல் பின்தொடரும் நான்கைந்து பேர் போதும். எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

யாருக்காகக் கேட்கிறீர்கள்?

சைக்கிள் இயக்கம் என்றதும் ஞாயிறு காலை ஹெல்மெட்டும் ஜெர்சியுமாகப் போகும் குழுதான் நினைவுக்கு வரும். அவர்களும் வரட்டும், நல்லது. ஆனால் கோரிக்கையை அவர்களிடமிருந்து தொடங்கினால், “பொழுதுபோக்குக்கு எதற்குப் பஞ்சாயத்துப் பணம்?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

தொடங்க வேண்டியது, இன்றைக்கும் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் சைக்கிளில் போகிறவர்களிடமிருந்து. பால் சொசைட்டிக்குக் கேன் கட்டிப் போகிறவர், சித்தூர்ப் பக்கத் தோப்புகளில் கள் இறக்கப் போகிறவர், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துத் தங்குமிடம் திரும்பும் வடமாநிலத் தொழிலாளி, எல்லைக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி வாங்கிய மாணவி. இவர்களைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

எண்ணுவது கடினமில்லை. ஒரு நோட்டு, இரண்டு பேர், ஒரு டீக்கடை பெஞ்சு. காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, மாலை பள்ளி விடும் நேரம். பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: மாணவி, மாணவன், வேலைக்குப் போகும் ஆண், பெண், முதியவர், சுமை ஏற்றியவர். தள்ளிக்கொண்டு நடப்பவர்களுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். எந்த இடத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள் என்பதே அந்தத் தெருவின் கோளாறைச் சொல்லிவிடும். ஒரு வேலை நாள், ஒரு சந்தை நாள், ஒரு விடுமுறை நாள் என மூன்று முறை எண்ணினால் போதும். “நிறையப் பேர் போகிறார்கள்” என்று மனுவில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எண்ணிக்கையை எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரே ஒரு தெரு

ஊர் முழுக்கச் சைக்கிள் பாதை வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் போதும். ஒரு முனையில் பள்ளிக்கூடம், மறுமுனையில் பஸ் ஸ்டாண்டோ குடியிருப்போ இருக்கட்டும். அந்தத் தூரத்தை டேப்போடு நடந்து அளந்து பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தாரின் விளிம்பு. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டு போவதால், தாருக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவே படி மாதிரி ஒரு இறக்கம் உண்டாகிறது. பின்னால் தனியார் பஸ் ஹாரன் அடித்து நெருங்கும்போது சைக்கிள்காரர் மண்ணில் இறங்குகிறார். பஸ் போனதும் மறுபடி தார் ஏறப் பார்க்கிறார். முன்சக்கரம் விளிம்பை ஒட்டியே உரசிக்கொண்டு ஓடும், ஹேண்டில் திரும்பாது, வண்டி சாலைப் பக்கமாகவே விழும். அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும். அந்த இறக்கம் எத்தனை அங்குலம் என்று ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மண்ணை நிரப்பித் தார் மட்டத்துக்குக் கெட்டிப்படுத்துவது சிறிய செலவு. நான் பார்த்தவரை, ஒரு கோரிக்கை மட்டுமே வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைக்க வேண்டும்.

பிறகு சாக்கடை. மூடியின் கம்பிகள் சாலைப் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கும்; குறுக்காக இருக்க வேண்டும். ஸ்லாப் உடைந்த இடம், சாலைக்குள் நிற்கும் மின்கம்பம், விளக்கு எரியாத வளைவு, கடை வாசலில் லோடு இறக்கும் லாரி எந்த நேரம் நிற்கிறது என்பது, எல்லாவற்றையும் கையால் வரைந்த ஒரு வரைபடத்தில் குறியுங்கள்.

காற்றும் வெயிலும்

வெளியூர்த் திட்டக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு பக்கம் மிதிப்பவருக்கு அது எதிர்க்காற்று. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. அப்போது திரும்பி வரும் வழி கடினம். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆகவே சாலையை அகலப்படுத்த ஓரத்துப் புளியையும் வேம்பையும் வெட்டுவது சைக்கிள்காரருக்குச் செய்யும் பெரும் துரோகம். நிழலும் காற்றுத் தடுப்பும் சேர்ந்ததுதான் பாதை என்று மனுவில் எழுதுங்கள்.

வாளையார், மலம்புழைப் பக்கம் விடியலுக்கு முன் யானை நடமாட்டமும் உண்டு. அங்கே தெருவிளக்குக் கோரிக்கையை வனத்துறையிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

சாலை யாருடையது?

பாதி மனுக்கள் தவறான மேசையில்தான் தூங்குகின்றன. உள்தெரு பஞ்சாயத்தினுடையதாகவோ நகராட்சியினுடையதாகவோ இருக்கும். ஊர்களை இணைக்கும் பெரிய சாலைகள் பொதுப்பணித்துறையினுடையவை. வாளையார் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544, குமுளி வழியாகப் போகும் 183, போடிமெட்டு வழியாக மூணாறு போகும் 85 ஆகியவற்றுக்குத் தனி அலுவலகங்கள் உண்டு. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஓவர்சியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க மனு: இந்தச் சாலையின் உரிமை யாருடையது, அகலம் எவ்வளவு, அடுத்த மராமத்து எப்போது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். மராமத்துக்கு எஸ்டிமேட் போடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் உங்கள் கோரிக்கை அதிலேயே ஒரு வரியாகிவிடும். தார் போட்ட பிறகு போனால் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆள் சேர்ப்பது

பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள், வாசகசாலை, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஸ்டூடண்ட் போலீஸ் கேடட்டுகள். இந்த நான்கு வாசலையும் தட்டுங்கள். பஞ்சர் கடைக்காரரை மறக்க வேண்டாம்; ஊரில் யாரிடம் சைக்கிள் இருக்கிறது, யார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், ஏன் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பெண்களோடு தொடங்குவது நல்லது என்பேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் கேரியரில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திராமல் போய்வந்தார்கள். பள்ளி மைதானத்தில் மாலை ஒரு மணி நேரம், இரண்டு லேடீஸ் சைக்கிள், பிடித்துக்கொண்டு ஓட ஒரு அக்கா. இதற்குப் பள்ளியின் சம்மதம் போதும். கற்றுக்கொண்ட பெண்கள் கிராம சபைக்கு வந்து, “இந்தத் திருப்பத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொன்னால், அதற்கு நிகரான அறிக்கை இல்லை.

நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிள் நாடாக இருந்ததில்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அந்நாட்டுச் சாலைகள் மாறத் தொடங்கின.

என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

ஐந்தாறு மீட்டர் அகலத் தெருவில் தனிப் பாதை கேட்டால் இடமில்லை என்பார்கள். உண்மையிலேயே இடமிருக்காது. அங்கே வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல், அதே வண்டி 30இல் வரும்போது இருப்பதைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு. கேரளத்தில் பள்ளிகளுக்கு அருகே வேக வரம்பு ஏற்கெனவே 30தான். புதுச் சட்டம் கேட்கவில்லை, இருப்பதைத் தெருவில் காட்டச் சொல்கிறீர்கள். பள்ளி வாசலில் நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிய ஜீப்ரா கோடு, முக்கில் வண்டிகள் வெட்டித் திரும்ப முடியாதபடி ஒடுக்கிய வளைவு, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங். வேகத்தடை போட்டால் ஓரத்தில் சைக்கிள் போக ஒரு சந்து விடச் சொல்லுங்கள்.

அகலமான சாலையில் தனிப் பாதை கேட்கலாம். இரண்டு சைக்கிள் ஒன்றையொன்று தாண்ட இரண்டு மீட்டராவது வேண்டும். வெறும் வெள்ளைக் கோடு போதாது. ஒரே வாரத்தில் அது கார் நிறுத்துமிடமாகிவிடும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 11 சைக்கிள் பாதைக்கும், ஐ.ஆர்.சி. 103 நடைபாதைக்குமான வழிகாட்டிகள். உதவிப் பொறியாளரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டால் பேச்சின் தரமே மாறும்.

நடைபாதையைப் பிரித்துச் சைக்கிளுக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள். நடக்கிற முதியவரிடமிருந்து பிடுங்கி வாங்கும் பாதை நமக்கு வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் கூரையும் பூட்டுக் கம்பியும் உள்ள ஸ்டாண்டு கேளுங்கள். திருட்டுப் பயம் போனாலே பலர் திரும்ப எடுப்பார்கள்.

கிராம சபையில்

கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சிகளின் கையில் உண்மையான பணம் இருக்கிறது. வார்டு மெம்பரை ஒரு வாரம் முன்பே பார்த்து, எண்ணிக்கையையும் வரைபடத்தையும் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் முதன்முதலாகக் கேட்கும் எதற்கும் அவர் தலையாட்ட மாட்டார். கோரிக்கை தீர்மானமாக மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்த பிறகே எழுந்து வாருங்கள். அதன்பின் வளர்ச்சிக் கருத்தரங்கு, மாவட்டத் திட்டக் குழு என்று அது போகும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் பின்னாலேயே போக வேண்டும்.

தமிழில் மனு கொடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கூடவே மலையாளத்தில் ஒரு பக்கச் சுருக்கம் வையுங்கள். அது உரிமையை விட்டுக்கொடுப்பதல்ல, ஓவர்சியருக்கு வேலையை எளிதாக்குவது.

சின்னப் பஞ்சாயத்தால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் பிளாச்சிமடையைச் சொல்லுங்கள். மயிலம்மாவும் அவர் ஊர்க்காரர்களும் 2002இல் தொடங்கிய போராட்டத்துக்குப் பிறகு, 2003இல் கொக்கக்கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து.

ஒரு நாள் செய்து காட்டுதல்

ஹர்த்தால் நாளில் கேரளத்துச் சாலைகளைப் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளோடு இறங்கிவிடுவார்கள். ஆசை இருக்கிறது, இடம்தான் இல்லை. போகோட்டாவில் 1974 முதல் குறிப்பிட்ட நாட்களில் முக்கியச் சாலைகளை வண்டிகளுக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அரை நாள் போதும். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து அனுமதி வாங்கி, சுண்ணாம்புக் கோடும் மணல் நிரப்பிய டின்களும் வைத்து முக்கை ஒடுக்கிக் காட்டுங்கள். அன்றைக்கும் எண்ணுங்கள். கடைக்காரர்களிடம் முந்தின நாளே போய், லோடு வண்டி எந்த நேரம் வரலாம் என்று பேசி முடித்துவிடுங்கள். அவர்கள் எதிர்த்தால் எந்தத் திட்டமும் நிலைக்காது.

குமுளிக்காரர்களுக்கு

மலைச்சரிவில் கேரியர் வைத்த கனத்த சைக்கிளை மிதிக்கச் சொல்வது கொடுமை. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை அன்றாடச் சைக்கிளுக்கானது அல்ல. ஊருக்குள், குமுளியிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டரில் உள்ள தேக்கடி வரை, சைக்கிள் சரிப்படும். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட மின் சைக்கிளுக்குப் பதிவும் லைசன்ஸும் வேண்டாம். ஏற்றத்துக்கு அது நல்ல துணை. ஆனால் இங்கே முதல் கோரிக்கை நடைபாதையாகவே இருக்கட்டும். ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வந்து இறங்கும் பெண்கள் அந்தச் சந்தடியில் ஓரமில்லாமல் நடக்கிறார்கள்.

போக்குவரத்தை மாற்ற முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் சபரிமலை சீசனை நினைவூட்டுங்கள். நெரிசல் கூடும்போது மேலே போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுகிறார்கள். இரண்டு மாநிலங்கள் பேசி இரண்டு மாதத்துக்குச் செய்வதை, பள்ளி விடும் அரை மணி நேரத்துக்கு ஒரு தெருவில் செய்யக் கேட்கலாம்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிளுக்குமான கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்குவதாக அறிவித்தது. இன்று சென்னையில் சைக்கிள் ஓட்டிப் பார்ப்பவருக்குக் கொள்கைக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் தெரியும். ஆகவே வேலை தொடங்கும் நாளில் தளத்தில் நில்லுங்கள். எஸ்டிமேட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, விளிம்பு தார் மட்டத்துக்கு வந்ததா, சாக்கடைக் கம்பி குறுக்காக இருக்கிறதா, மேடு சொன்ன உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்றே படத்தோடு உதவிப் பொறியாளருக்குத் தெரிவியுங்கள்; பொதுப்பணித்துறைச் சாலையானால் பி.டபிள்யூ.டி. ஃபோர் யூ செயலியிலும் பதிவு செய்யலாம். பில் பாஸ் ஆவதற்கு முன் சொன்னால்தான் ஒப்பந்தக்காரர் திரும்பி வருவார். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து, அதே டீக்கடை பெஞ்சில், அதே நேரத்தில், அதே கட்டங்களில் மறுபடி எண்ணுங்கள். அடுத்த தெருவுக்கான மனுவில் முதல் பக்கமாக அந்த இரண்டு எண்ணிக்கையும் போகட்டும்.