சார்ந்து வாழ்தல்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் வசிக்கும் முதிய அன்பர் ஒருவருடன் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குச் செல்லும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. ஆண்டுதோறும் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நிகழும் விழா அது. 1889-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையில் பெருங்கூட்டம். ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாக ஆர்க்கிட் மலர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. அருகே செந்நிறக் கூம்புகளுடன் புரோமிலியாட் செடிகள்.

வெகுநேரம் அவற்றைப் பார்த்து நின்ற அன்பர், “இவை மரத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை அல்லவா? ஓய்வு பெற்று மகன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் நானும் அப்படித்தான். புல்லுருவி வாழ்க்கை, சுவாமி!” என்று கூறிச் சிரித்தார். அச்சிரிப்பில் வேதனை இருந்தது.

இந்த ஒப்புமையைச் சற்று ஆராய்வோம்.

மாமரத்தில் நாம் காணும் புல்லுருவி, கிளையைத் துளைத்து உள்ளே வேர் செலுத்துகிறது. மரம் தனக்கென ஏற்றிய நீரையும் உப்புகளையும் கவர்ந்துகொள்கிறது. அது பெருகினால் கிளை மெலிந்து பட்டுப்போகும். அதே மாமரத்தில் வாண்டா என்னும் ஆர்க்கிட்டும் வளர்வதுண்டு. அதன் வேர்கள் பட்டையைப் பற்றிக்கொள்ளுமே தவிர உள்ளே நுழைவதில்லை. வேரைச் சூழ்ந்துள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை உறிஞ்சுகிறது. உணவை இலைகளே ஆக்கிக்கொள்கின்றன. மரத்திடம் அது பெறுவது நிற்க ஓர் இடம், ஒளி படும் உயரம், அவ்வளவே.

வாண்டா என்ற பெயர் ‘வந்தா’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அமரகோசம் வந்தாவுக்கு ‘மரத்தைத் தின்பது’, ‘மரத்தின்மேல் வளர்வது’ என்று பொருள்படும் இரு பெயர்களையும் சேர்த்தே தருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வேரைப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும்.

அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் ஒரு படி மேலே செல்கிறது. அமெரிக்கக் காடுகளின் மரக்கிளைகளில் வாழும் பல வகைகள், இலைகளைக் கிண்ணம்போல் குவித்து மழைநீரைத் தேக்குகின்றன. அந்நீரில் பூச்சிகளும் தவளையின் தலைப்பிரட்டைகளும் வளர்கின்றன. இடம் பெற்ற செடி பிறர்க்கு இடம் கொடுக்கிறது! பெரும்பாலான வகைகளில் ஒரு செடி ஒரே முறை பூத்து, அடியில் கன்றுகளை விட்டு மெல்ல மடிகிறது.

எதையும் சாராத வாழ்வு உலகில் இல்லை. தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை துணை செய்தால்தான் அது முளைக்கும். துறவியும் பிட்சையைச் சார்ந்தே வாழ்கிறான். ஆகவே சார்ந்திருப்பது இழிவன்று. எல்லாம் என் விருப்பப்படியே நடக்க வேண்டும் என்ற பிடிவாதம், ஓயாமல் குறை கூறுதல், செய்த உதவிகளைச் சொல்லிக் காட்டுதல் ஆகியவையே கிளையைத் துளைக்கும் வேர்கள். ‘நான் சார்ந்திருப்பவர் என்னால் மெலிகிறாரா?’ இக்கேள்வியை முதியவர் மட்டுமல்ல, இளைஞரும் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

அன்பரிடம், “மாலையில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது யார்?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தச் சிவப்புச் செடியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாமா, சுவாமி?” என்றார்.