அளவறிதல்

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது முதுமொழி. இதன் உண்மையை இன்சுலின் என்னும் மருந்தின் வரலாறு இனிது விளக்கும்.

இன்சுலின் கணையத்தில் சுரக்கும் பெப்டைடு வகைப் பொருள். 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாகக் கோக்கப்பெற்று அமைந்தது. குருதியிலுள்ள சருக்கரையை உடல் ஏற்றுப் பயன்கொள்ளச் செய்வது அதன் தொழில். அஃது அறவே சுரவாதொழியின் நீரிழிவு முற்றி உயிரைக் கவரும்.

1921ஆம் ஆண்டில், கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில், மெக்லியாட் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் விலங்கின் கணையத்தினின்று அதன் சாற்றை வடித்தனர். 1922 சனவரி 11ஆம் நாள் லெனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு அச்சாறு ஊசிவழிச் செலுத்தப்பெற்றது. சருக்கரை சிறிதே குறைந்தது. ஊசியிட்ட இடத்தில் சீழ்க்கட்டி தோன்றிற்று. காலிப் என்னும் வேதியியலறிஞர் சாற்றின் மாசு நீக்கினார். சனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசியிட்டனர். 100 மில்லிலிட்டர் குருதியில் 520 மில்லிகிராமாயிருந்த சருக்கரை ஒரே நாளில் 120 ஆக இறங்கிற்று. சாவின் வாயிலில் நின்ற சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சிற்று. சாற்றில் இன்சுலின் எத்துணை உளது என்பதைத் துலாக்கோல் காட்டாது. ஒரு முறை வடித்தது வலிதாகவும், மறுமுறை வடித்தது மெலிதாகவும் இருந்தது. எனவே அதன் வலிமையை அதன் செயலைக்கொண்டே அளக்க வேண்டியதாயிற்று. காலிப் முயல்களுக்கு ஊசியிட்டு நோக்கினார். அளவு ஏற ஏறச் சருக்கரை தாழ்ந்தது. எல்லை கடந்தபோது முயல்கள் வலிப்புற்று வீழ்ந்தன. குளுக்கோசு செலுத்தியவுடன் எழுந்தன. பட்டினியிருந்த இரண்டு கிலோகிராம் முயலின் சருக்கரையை நான்கு மணி நேரத்திற்குள் வலிப்பு நிலைக்குத் தாழ்த்தும் அளவே முதலில் ஓர் 'அலகு' எனப்பட்டது. மனிதர்க்கு அது மிகையாதலின் பின்னர் அதனைக் குறைத்தனர். முயலுக்கு முயல் இயல்பு வேறுபடும் அன்றோ? ஆதலின், நிலையான ஒரு மருந்தோடு ஒப்பிட்டு அளக்கும் பொருட்டு 1925இல் பன்னாட்டுப் படித்தரம் வகுக்கப்பெற்றது.

மருந்தை இருமடங்காக்கினால் பயனும் இருமடங்காகும் என எண்ணுதல் பிழை. சிற்றளவில் பயன் புலப்படாது. அளவு கூடுங்கால் விரைந்து ஏறும். பின்னர் ஏறாது நிற்கும். ஆனால் கேடோ அவ்வாறு நில்லாது வளரக்கூடும். இன்சுலின் மிகின், சருக்கரை மிகத் தாழ்ந்து, நோயாளி நினைவிழப்பதும் உண்டு.

இன்றும் இன்சுலினை அலகு கொண்டே அளந்து இடுகின்றனர். மருந்தைக் கண்டவர் உயிர் காக்க வழி திறந்தனர். அளவைக் கண்டவர் அவ்வழியே அஞ்சாது நடக்கச் செய்தனர்.