பல்லி எச்சத்தின் நெடியும் அதனை நீக்கும் முறையும்

இந்தியாவில் பல்லி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விளக்கொளியை நாடி வரும் கொசு, விட்டில் முதலியவற்றைத் தின்று அது மனிதனுக்கு நன்மையே புரிகிறது. ஆயினும், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும்போதும், மழைக்காலத்தில் அலமாரியை நகர்த்தும்போதும் காரமான நெடி ஒன்று எழுவதுண்டு. இது பல்லியின் உடல் நாற்றம் எனச் சிலர் கருதுகின்றனர். உண்மையில், நெடிக்குக் காரணம் அதன் எச்சமே.

எச்சத்தின் இயல்பு

மனிதன், பசு முதலிய பாலூட்டிகள் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. பல்லியும் பாம்பும் நீரைச் சேமிக்கும்பொருட்டு அக்கழிவை யூரிக் அமிலமாக மாற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் கழிக்கின்றன. பல்லி எச்சத்தின் கரிய பகுதி மலம். அதன் நுனியிலுள்ள வெண்மையான பகுதி யூரிக் அமிலமும் அதன் உப்புகளும் ஆகும். வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில அறிஞர் 1815 ஆம் ஆண்டில் போவா பாம்பின் கழிவைப் பகுத்தாய்ந்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு யூரிக் அமிலமே எனக் கண்டார்.

ஒரு லிட்டர் நீரில் ஒரு கிலோகிராமுக்கும் மேலான யூரியா கரையும். யூரிக் அமிலமோ ஏறத்தாழ 60 மில்லிகிராமே கரையும். வெறும் நீரால் துடைத்தால் கறை மறைந்தாலும், சுவரின் நுண்துளைகளில் அமிலம் தங்கிவிடுவதன் காரணம் இதுவே. உலர்ந்துள்ளவரை அதில் நெடி மிகுதியாக இராது. ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் பெருகி, யூரிக் அமிலத்தைப் படிப்படியாக யூரியாவாகவும், பின்னர் அம்மோனியாவாகவும் சிதைக்கின்றன. மழைக்காலத்தில் நெடி மிகுவது இதனாலேயே.

சாம்பிராணியும் ஊதுவத்தியும் நெடியைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றிப் போக்கா. எலுமிச்சைச் சாறும் காடியும் அம்மோனியாவை அப்போதைக்கு அடக்கும். யூரிக் அமிலத்தைக் கரைக்கமாட்டா.

நீக்கும் முறை

முதலில் சன்னல்களைத் திறந்து வைத்தல் வேண்டும். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசி பறக்கும். ஆகவே, நீர் தெளித்து நனைத்தபின், பழைய தாளால் வழித்தெடுத்து அப்புறப்படுத்துக. பின்னர், ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து அவ்விடத்தில் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். காரக் கரைசலில் யூரிக் அமிலம் எளிதில் கரையும் உப்பாக மாறி நீருடன் வந்துவிடும். இறுதியில் நல்ல நீரால் கழுவி, நன்கு உலரவிடுக. சுண்ணாம்புச் சுவராயின், சுரண்டிவிட்டு மீண்டும் வெள்ளையடிப்பதே நன்று. அலுமினியப் பொருள்களைச் சோடா அரிக்கும். வண்ணம் பூசிய இடங்களில் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தல் நலம்.

இவ்வளவு செய்தும் அழுகல் நாற்றம் நீடித்தால், கதவிடுக்கிலோ அலமாரியின் பின்னாலோ இறந்த பல்லி கிடக்கின்றதா எனத் தேடுதல் வேண்டும். மின்பெட்டியில் ஐயமிருப்பின், மின் இணைப்பைத் துண்டிக்காமல் அதனைத் திறத்தல் கூடாது.

எச்சரிக்கை

அம்மோனியா நெடி உள்ள இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுதல் தவறு. இரண்டும் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு தோன்றி, கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். அதனை அமிலத்துடன் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய அறையில் இது உயிருக்கே தீங்காகலாம். பல்லி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமிகளும் இருக்கக்கூடும். எனவே, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும், உணவுப் பாத்திரங்களை எப்போதும் மூடி வைத்தலும் இன்றியமையாதவை.

தடுக்கும் வழி

பூச்சிகள் உள்ள இடத்தையே பல்லிகள் நாடும். இரவில் வேண்டாத விளக்குகளை அணைத்து, சன்னல்களுக்கு வலையிட்டு, சுவர் வெடிப்புகளை அடைத்தால் அவற்றின் வரவு குறையும். அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, வாரம் ஒருமுறை பின்புறத்தைத் துடைத்து வந்தால் எச்சம் சேராது. ஆதலின் நெடியும் எழாது.