ஒரே பாறையில் இரு ஸந்நிதிகள்: திருமெய்யம் புகட்டும் பாடம்



உற்சவத்தை ஸேவிக்கப் பல ஊர்களிலிருந்தும் வந்து குழுமியிருக்கும் பாகவத கோஷ்டியின் திருவுள்ளத்தில், நம் மாவட்டத்துத் திவ்யதேசம் ஒன்றின் பழைய வரலாற்றைப் பதிய வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமெய்யம். இன்று திருமயம் என வழங்கும் இத்தலம், திருமங்கையாழ்வாரால் மங்களாசாஸனம் செய்யப்பெற்றது. நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்று. இங்கு எம்பெருமான் நின்ற திருக்கோலத்தில் ஸத்யமூர்த்தியாகவும், கிடந்த திருக்கோலத்தில் திருமெய்யராகவும் ஸேவை ஸாதிக்கிறான். குடைவரையில் அனந்தசயனனாகப் பள்ளிகொண்ட அந்தப் பெரிய திருமேனி, மலைப்பாறையிலேயே செதுக்கப்பெற்றது. முத்தரையர் குலத்துப் பெரும்பிடுகு பெருந்தேவி இக்கோயிலைப் புதுப்பித்து நிலம் அளித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது.

அதே பாறையில், சில அடிகள் தள்ளி, மற்றொரு குடைவரை உண்டு. அங்கே எழுந்தருளியிருப்பவர் ஸத்யகிரீச்வரர். பெருமாள் ஸத்யகிரிநாதன், ஈசன் ஸத்யகிரீச்வரன். மலை ஒன்று, அதன் பெயரான ‘மெய்’ என்பதும் இருவருக்கும் பொது. ஆனால் வாயில்கள் வேறு, ஆராதன முறைகள் வேறு, நடுவே ஒரு மதில். இதைக் காணும் யாத்ரிகர் சிலர், “ஒரே மலையில் இருந்தும் இவ்வளவு பிரிவினையா?” என்று மனம் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்துக்கு விடையாக அமைவதே இவ்விடத்துக் கல்வெட்டு ஒன்று கூறும் செய்தி.

பழைய வழக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்விரு கோயில்களைச் சார்ந்தோரிடையே நெடுநாள் நீடித்த பிணக்கு ஒன்று இருந்தது. கோயில் நிலங்களிலிருந்து வரும் வருவாயில் எவருக்கு எவ்வளவு என்பதே வழக்கு. அக்காலத்தில் பாண்டிய நாட்டு அரசியலில் தலையிட்டிருந்த ஹொய்ஸளர்களின் தண்டநாயகர் அப்பண்ணர், 1245ஆம் ஆண்டில் இவ்வழக்கைத் தீர்த்து வைத்தார். தம் படைவலியைக் கொண்டு ஒரு சாராரை அடக்கிவிட அவரால் இயன்றிருக்கும். அவர் அவ்வாறு செய்யாமல், சுற்றுப்புறத்துப் பெரியோரையும் சைவ, வைஷ்ணவ முதன்மையாளரையும் ஒரு சபையாகக் கூட்டினார். வருவாய் இரு கோயில்களுக்கும் பங்கு வகுக்கப்பட்டது. முடிவு கல்லில் பொறிக்கப்பட்டது.

இத்தீர்ப்பில் கூறப்பட்டதைப் போலவே கூறப்படாததும் கவனிக்கத்தக்கது. பரதத்துவம் எது என்று அச்சபை ஆராயவில்லை. வைஷ்ணவர் திருநீறு தரிக்க வேண்டும் என்றோ, சைவர் திருமண் தரிக்க வேண்டும் என்றோ கட்டளையிடவில்லை. ஒரு ஸந்நிதியை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்தவும் இல்லை. நெல்லும் நிலமும் பற்றிய வழக்கை நெல்லும் நிலமுமாகவே அளந்து தீர்த்தது. தெய்வத்தைப் பற்றிய நம்பிக்கையை அவரவரிடமே விட்டுவிட்டது.

இதிலிருந்து அறிய வேண்டுவன

முதலாவது: ஸமயப் பூசல் என்று நாம் பெயரிடுவனவற்றுள் பல, ஆராய்ந்து பார்த்தால், வரும்படி, பாதை, முதல் மரியாதை ஆகியவற்றைப் பற்றியவையாக இருக்கும். சண்டையிடுவோர் தம் வழக்குக்கு வலுச்சேர்க்கத் தெய்வத்தின் திருநாமத்தை முன்னே நிறுத்திவிடுகின்றனர். பூசலின் மூலத்தை அறிந்துகொண்டால் பாதி வழக்குத் தீர்ந்தது.

இரண்டாவது: பிறர் நம்பிக்கையை மதித்தல் என்பது வாய்ச்சொல்லோடு முடிவதன்று. அடுத்த ஸந்நிதிக்குரிய பங்கை அளந்து கொடுப்பதே மதிப்பு. “எல்லாத் தெய்வமும் ஒன்றே” என்று மேடையில் முழங்கிவிட்டு, அயலார் கோயிலின் வழியை அடைத்துக்கொள்பவரைக் காட்டிலும், “என் தெய்வம் இதுவே” என்று உறுதியாய் நின்று அயலாருக்குரியதை நெல்மணி குறையாமல் கொடுப்பவரே மேலானவர்.

மூன்றாவது: மதில் எப்போதும் பகைமையின் அடையாளம் ஆகாது. இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பு இருப்பதனால்தான் இரு குடியானவர்கள் நண்பர்களாய் இருக்க முடிகிறது. வரப்பை வெட்டுகிறவனே வழக்கைத் தொடங்குகிறான்.

ஒரு ஐயமும் ஸமாதானமும்

இங்கே சிலருக்கு ஐயம் எழலாம். “ஏகாந்த பக்தியன்றோ நம் ஸம்ப்ரதாயம்? எம்பெருமானையே உபாயமாகவும் உபேயமாகவும் பற்றியிருக்கும் நாம், பிறர் வழிபாட்டை மதித்தால் நம் நிஷ்டைக்குக் குறை வாராதோ?” என்று கேட்பார்கள். இது நேர்மையான கேள்வி. மழுப்பிவிடத் தக்கதன்று.

பதிவ்ரதையான ஒரு பெண் தன் கணவனையே தெய்வமாகக் கொண்டிருக்கிறாள். அதனால் அண்டை வீட்டுக்காரியின் கணவனை அவள் இகழ வேண்டும் என்பதுண்டோ? இகழ்ந்தால்தான் அவள் கற்பு நிலைக்கும் என்று எவரேனும் கூறுவரோ? தன் பற்றில் உறுதியுள்ளவளுக்குப் பிறரைப் பழிக்கும் தேவையே எழுவதில்லை. நிஷ்டையும் அத்தகையதே. பிறரை நிந்திப்பதனால் மட்டுமே நிற்கும் நிஷ்டை, தன் காலில் நிற்கவில்லை என்பது தெளிவு.

கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளியதை இங்கு நினைவுகூர வேண்டும். எந்த எந்தப் பக்தன் எந்த எந்த வடிவத்தைச் சிரத்தையோடு அர்ச்சிக்க விரும்புகிறானோ, அவனுக்கு அந்தச் சிரத்தையைத் தானே அசையாததாக ஆக்குவதாகப் பகவான் கூறுகிறான். அவ்வழிபாட்டின் பலன் அளவுபட்டது என்றும் அங்கேயே கூறுகிறான். ஆகவே தத்துவ நிர்ணயத்தில் பகவான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் பிறன் சிரத்தையை அவன் கலைக்கவும் இல்லை. அதனைக் காக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறான். அவன் உறுதிப்படுத்திய சிரத்தையை அவனுடைய அடியார்களாகிய நாம் பரிஹாஸம் செய்வது எங்ஙனம் பொருந்தும்?

வைஷ்ணவர் ஏற்ற பொறுப்பு

பிற மதத்தாரிடம் நம் முன்னோர் நடந்துகொண்ட விதத்தில் குறைகள் இருந்ததில்லை என்று கூற இயலாது. நம் மாவட்டத்து நார்த்தாமலையில், விஜயாலய சோழீச்வரத்துக்கு எதிரே, பன்னிரண்டு விஷ்ணு திருவுருவங்கள் கொண்ட குடைவரை ஒன்று உண்டு. மக்கள் அதனை இன்றும் ‘சமணர் குடகு’ என்றே அழைக்கிறார்கள். முன்பு அது சமணருக்கு உரியதாய் இருந்தது என்பதை அப்பெயரே உணர்த்துவதாக ஆய்ந்தோர் கூறுவர்.

இத்தகைய பிணக்குக்கு மாற்று எது என்பதை 1368ஆம் ஆண்டுச் சிரவணபெளகொளாக் கல்வெட்டு காட்டுகிறது. விஜயநகர மன்னர் முதலாம் புக்கராயரிடம் சமணர்கள் வந்து, வைஷ்ணவர்களால் தமக்கு நேர்ந்த அநீதியை முறையிட்டனர். எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் வைஷ்ணவர்களே மிக்கோர். மன்னர் திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை முதலிய தலங்களின் ஆசார்யர்களையும் ஸ்ரீவைஷ்ணவப் பெரியோரையும் வரவழைத்தார். சமணர் கையைப் பிடித்து வைஷ்ணவர் கையில் வைத்தார். சமண தரிசனத்துக்குரிய வாத்தியங்களும் கலசமும் முன்போலவே அவர்களுக்கு உண்டு என்றும், அவர்களுக்கு நேரும் நன்மை தீமைகளைத் தமக்கு நேர்ந்தனவாகவே வைஷ்ணவர்கள் கருத வேண்டும் என்றும் விதித்தார்.

அதற்கு மேலும் ஓர் ஏற்பாடு நடந்தது. சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வீதம் கொடுப்பது. அத்தொகையைக் கொண்டு பெளகொளாவில் இருபது காவலர்களை வைஷ்ணவர்கள் நியமிப்பது. மிஞ்சியதைக் கொண்டு ஜினாலயங்களைப் பழுதுபார்த்து வெள்ளையடிப்பது. இதனை நடத்தும் பொறுப்பைத் திருமலைத் தாதய்யர் ஏற்றார். இக்கல்வெட்டு எம்பெருமானாராகிய ராமானுஜரின் துதியோடு தொடங்குகிறது. உடையவரின் திருநாமத்தை முன்னிட்டு, வைஷ்ணவர் சமணர் கோயிலுக்குக் காவல் நின்றனர். அதனால் அவர்களுடைய வைஷ்ணவத்துவம் குறைந்துவிடவில்லை.

யாத்ரிகர் கடைப்பிடிக்க வேண்டியவை

நம் புதுக்கோட்டைச் சீமையில் எல்லா மதத்தாரின் சுவடுகளும் அருகருகே உள்ளன. சித்தன்னவாசலில் சமண முனிவரின் கற்படுக்கைகளும் அறிவர் கோயில் ஓவியங்களும் உள்ளன. திருமெய்யத்திலிருந்து மதுரை செல்லும் சாலையில் காட்டுபாவா பள்ளிவாசல் உள்ளது. அங்கே இஸ்லாமியரோடு இந்துக்களும் சென்று வேண்டிக்கொள்கிறார்கள். இவ்வூர்களின் வழியாகவே நீங்கள் வந்திருப்பீர்கள், திரும்புவதும் இவ்வழியாகவே.

எனவே சிறு வேண்டுகோள்கள் சில. பிற ஸந்நிதியின் வாயிலையோ பாதையையோ வண்டிகளை நிறுத்தி மறைக்காதீர்கள். அவர்கள் தொழும் நேரத்தில் நம் மேளத்தையும் ஒலிபெருக்கியையும் தணித்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலிலும் நார்த்தாமலையிலும் பாறைகளில் பெயரைக் கீறாதீர்கள். அயலார் கொள்கையை அறிய விரும்பினால் அவர்களிடமே கேளுங்கள். அவர்களைப் பழிப்பவரிடம் கேட்டு அறிந்துகொள்ளாதீர்கள். உங்கள் குழந்தைகள், “அவர்கள் ஏன் வேறு விதமாகக் கும்பிடுகிறார்கள்?” என்று வினவினால், “அது அவர்கள் பெரியோர் காட்டிய வழி, இது நம் பெரியோர் காட்டிய வழி” என்று கூறுங்கள். அதன்பின் நம் வழியை அக்குழந்தைக்கு நன்றாகக் கற்பியுங்கள். தன் வழியை அறியாத பிள்ளைக்குப் பிறர் வழியை மதிக்கவும் தெரியாது.

திருமெய்யத்துக்குச் செல்லும்போது அந்த மதிலையும் ஒருமுறை நின்று பாருங்கள். அதன் இரு புறமும் விளக்கு எரிகிறது. இரு புறத்து விளக்குகளும் அணையாமல் எரிய ஸத்யகிரிநாதன் திருவருள் புரிவானாக!

சுபம்.